எந்த நாளிலிருந்து, எந்த இடத்திலிருந்து

மாசி பிறந்து யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு கிண்டத் தொடங்கினால் கூடவே ஒரு வாக்குவாதமும் கிளம்பிவிடும். உரும்பிராய், கோப்பாய், புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் இறக்குமதிக் கிழங்குக்கு வரியைக் கூட்டச் சொல்வார்கள். முடிந்தால் இரண்டு மாதத்துக்கு இறக்குமதியையே நிறுத்தச் சொல்வார்கள். கூட்டினால் சாப்பாட்டுக் கடையில் கறியின் விலையும் கூடும் என்று கொழும்பிலிருந்து பதில் வரும். இரு பக்கமும் பேசுவது முழு நிச்சயத்தோடு. போன தடவை கூட்டிய வரியில் எத்தனை ரூபாய் தோட்டக்காரர் கைக்கு வந்தது, எத்தனை ரூபாய் வாங்குபவர் கையிலிருந்து போனது, நடுவில் எவ்வளவு தங்கியது என்று கேட்டால், கையில் கணக்கோடு பதில் சொல்பவரைக் காண்பது அரிது.

2025 ஓகஸ்ட் 26 முதல் இறக்குமதிப் பெரிய வெங்காயத்தின் விசேட பண்ட வரி கிலோவுக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது. உருளைக்கிழங்குக்கு 60 ரூபாய் 80 ஆனது. இதை ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசினார்கள். பேசியவர்களில் பெரும்பாலானோர், விளைவை முன்கூட்டியே அறிந்தவர்கள்போலத்தான் பேசினார்கள். வெங்காயத்தில் கூடிய அந்த 40 ரூபாய் எங்கே போய் நின்றது என்று அளக்கலாமே என்ற யோசனைக்கு இரு பக்கத்திலும் அவ்வளவு வரவேற்பு இல்லை. ஆய்வு என்றாலே விவசாயிக்கு எதிராக யாரோ எழுதப்போகும் அறிக்கை என்ற சந்தேகம் ஒரு பக்கம். அளந்தால் இடைத்தரகர் பங்கு வெளியே வந்துவிடும் என்ற கூச்சம் மறுபக்கம். சந்தேகம் முற்றிலும் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதன் காரணத்தைப் பார்க்க, இந்தச் சண்டை மிகப் பெரிதாக நடந்துகொண்டிருக்கும் அமெரிக்காவுக்கு ஒருதரம் போய் வரவேண்டும். அந்தச் சண்டையில் எங்கள் நாட்டின் பெயரும் ஒரு வரிசையில் இருந்தது.

கால் என்ற எண்

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் காட்டிய இறக்குமதி வரிப் பட்டியலில் இலங்கைக்கு 44 வீதம். ஒரு வாரத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டு 10 வீதமாகி, யூலையில் 30 என்று கடிதம் வந்து, ஓகஸ்ட் 7 முதல் 20 வீதமாக நின்றது. இலங்கை ஏற்றுமதியில் நான்கில் ஒரு பங்களவு அமெரிக்காவுக்குப் போகிறது; அதில் பெரும்பகுதி தைத்த உடுப்பு. வன்னியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பெண்பிள்ளைகளின் வீடுகளில் அந்த 44 எவ்வளவு கலக்கத்தைத் தந்தது என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த எண் எப்படி வந்தது என்பதை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் சூத்திரமாகவே வெளியிட்டது. 2024 இல் இலங்கை அமெரிக்காவுக்கு விற்ற பொருள் சுமார் 3 பில்லியன் டொலர். அங்கிருந்து வாங்கியது சுமார் 370 மில்லியன் டொலர். இடைவெளி 2.63 பில்லியன். அதை 3 பில்லியனால் வகுத்தால் 88 வீதம், அதில் பாதி 44. ஆனால் சூத்திரத்தின் அடியில் இன்னும் இரண்டு எண்கள் பெருக்கப்பட்டிருந்தன. ஒன்று, இறக்குமதி விலை ஒரு வீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை வீதம் குறையும் என்பது; அதற்கு 4 என்று வைத்தார்கள். மற்றது, வரி 100 ரூபாய் கூடினால் விலையில் எத்தனை ரூபாய் ஏறும் என்பது, அதற்கு 0.25, அதாவது கால் பங்கு. 4ஐயும் 0.25ஐயும் பெருக்கினால் 1. ஆகவே இரண்டும் கணக்கிலிருந்து மறைந்துபோயின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். அந்தக் கால் பங்குக்கு ஆதாரமாக அவர்கள் காட்டியது, அல்பேர்ட்டோ கவாயோவும் கீதா கோபிநாத் உள்ளிட்ட அவரது சக ஆய்வாளர்களும் 2018 - 2019 அமெரிக்க வரிகளைப் பற்றிச் செய்த ஆய்வு. அந்த ஆய்வின் முடிவோ வேறு. துறைமுகத்தில் பார்த்தால், வரியின் ஏறத்தாழ முழுப் பங்கும், 0.95க்குக் கிட்ட, அமெரிக்க இறக்குமதியாளர் கொடுக்கும் விலையில் ஏறியிருந்தது. கடைத்தட்டில் பார்த்தால் ஏற்றம் அதைவிடக் குறைவு. நடுவில் கடைக்காரர் தம் இலாபத்தைக் குறைத்து ஒரு பகுதியைத் தாங்கியிருந்தார். சூத்திரத்துக்கு வேண்டியது துறைமுக எண். போடப்பட்டது கடைத்தட்டு எண்ணை ஒத்தது. கெவின் கொரிந்த், ஸ்டான் வூகர் என்ற இரு பொருளியலாளர்கள் இதை உடனே சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் இருந்த நிறுவனம் இடதுசாரி நிறுவனமும் அல்ல. அவர்கள் சொன்னபடி 0.25ஐ எடுத்துவிட்டு 0.945ஐப் போட்டு இலங்கைக்குக் கணக்குப் பார்த்தால், 88 வீதம் 23 ஆகிறது. அதில் பாதி ஏறத்தாழ 12. சூத்திரமே சரியா என்பது தனிக் கேள்வி. வர்த்தக இடைவெளியை வைத்து வரி போடுவதை ஒப்பும் பொருளியலாளர் குறைவு. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே நின்று பார்த்தாலும், எங்கே நின்று விலையை அளந்தோம் என்ற ஒரு தெரிவு 12ஐ 44 ஆக்கியிருக்கிறது.

வரி ஆய்வைப் பற்றிய அரசியல் சண்டையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. எண் பொய்யாக இருக்கவேண்டிய தேவையே இல்லை. எந்த இடத்தில் நின்று, எந்த நாளை அடிக்கோடாக, அதாவது ஒப்பிடத் தொடங்கும் நாளாக, வைத்து எண்ணினீர்கள் என்பதை மாற்றினால் போதும்.

பின்னால் நடந்தவை ஊரறிந்தவை, வேகமாகக் கடந்துவிடலாம். 2025 ஓகஸ்ட் 1 அன்று வேலைவாய்ப்பு எண்கள் பிடிக்காமல் போனதும் தொழில் புள்ளிவிபரப் பணியகத்தின் ஆணையாளர் எரிக்கா மக்கென்டார்ஃபர் பதவி நீக்கப்பட்டார். அதே மாதம், வரியின் சுமை மெல்ல மெல்ல அமெரிக்க வாங்குபவர்மேல் விழும் என்று கணித்த கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு, வேறு பொருளியலாளரைத் தேடிக்கொள்ளும்படி ஜனாதிபதியே அறிவுரை சொன்னார். 2026 பெப்ரவரியில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2025 வரிச்சுமையில் ஏறத்தாழ 90 வீதம் அமெரிக்க நிறுவனங்களும் வாங்குபவர்களும் தாங்கியதாகக் காட்டியபோது, வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் கெவின் ஹசெட் அவர்கள்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றார். இத்தனைக்கும் 2018 வரிகளைப் பற்றி, காங்கிரஸ் கேட்டுக்கொண்டபடி அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணைக்குழு 2023 மார்ச்சில் கொடுத்த அறிக்கையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. அந்த ஆணைக்குழு 1916 இல் வரி ஆணைக்குழு என்ற பெயரில் தொடங்கியது. எண்ணுவதற்கென்று நூறு வருடத்துக்கு மேலான ஒரு நிறுவனம் உள்ள நாட்டில்தான் இவ்வளவும்.

எங்கள் வர்த்தமானியில் எண் மட்டும்

விசேட பண்ட வரிக்கு 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அடிப்படை. வெங்காயம், கிழங்கு, சீனி, செத்தல் மிளகாய், பருப்பு, ரின்மீன் போன்றவற்றுக்குச் சுங்கத் தீர்வை, வற், செஸ், துறைமுக அறவீடு எல்லாவற்றுக்கும் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே வரி. நிதியமைச்சர் வர்த்தமானியில் போட்டால் அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்துவிடும். பாராளுமன்ற அனுமதி பின்னால் வரும். அது வரும்போது பல கொள்கலன்கள் துறைமுகத்தைத் தாண்டியிருக்கும். வேகம் தேவைதான். அழுகும் பொருளுக்கு ஆறு மாத விசாரணை நடத்திக்கொண்டிருக்க முடியாது. குறை வேறிடத்தில். வர்த்தமானியில் பொருளின் சுங்கக் குறியீடும் ரூபாயும் செல்லுபடியாகும் காலமும் இருக்கும். எதற்காகக் கூட்டுகிறோம் என்ற ஒரு வரி இருக்காது.

அந்த ஒரு வரி இல்லாததால் வரும் குழப்பம் சின்னதல்ல. திறைசேரிக்கு இது வருமானம். வருமானம் வேண்டுமானால் இறக்குமதி தொடரவேண்டும். தோட்டக்காரருக்கு இது பாதுகாப்பு. பாதுகாப்பு முழுதாக வேலை செய்தால் இறக்குமதி நிற்கும், வருமானமும் நிற்கும். ஒரே 80 ரூபாயிடம் இரண்டையும் கேட்டுவிட்டு, வருமானம் வந்தால் அதைக் காட்டியும் வராவிட்டால் பாதுகாப்பைக் காட்டியும் வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம். தோற்கவே முடியாத கொள்கையை ஆய்வு செய்யவும் முடியாது.

அளக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனி இருக்கிறது. 2020 ஒக்டோபர் 13 அன்று சீனியின் வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கப்பட்டது. ரூபாய் அல்ல, சதம். வாங்குபவருக்கு அதே அளவுக்கு விலை இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் 15 பில்லியன் ரூபாய்க்கு மேல் என்று கணக்காய்வு பின்னால் சொன்னது. வரியைக் கூட்டினால் விலை உடனே ஏறும், குறைத்தால் ‘பழைய சரக்கு’ என்ற பதில் வரும் என்பது யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் எல்லாரும் அறிந்த சங்கதி. ஆனால் எத்தனை நாளைக்குப் பழைய சரக்கு என்பதை எண்ணிப் பார்க்கலாம். பெரிய வெங்காயம் இறக்குமதியாளரின் களஞ்சியத்தில் நாள்பட்டால் முளைக்கவும் அழுகவும் தொடங்கும். சில கிழமைக்குப் பிறகு பழைய சரக்கு என்ற பேச்சு செல்லாது. சீனி மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே சீனி வரியைக் குறைக்கும்போது, குறைக்கும் நாளுக்கு முந்திய இரவு யாரிடம் எத்தனை தொன் இருந்தது என்ற எண்ணை எடுத்து வைக்காமல் கையெழுத்திட்டிருக்கவே கூடாது. பொருளுக்குப் பொருள் அளக்கும் முறை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நான்கு விலைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து இதை அளப்பது எப்படி? பெரிய பொருளியல் மாதிரி, கணினிச் சமன்பாடு எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. ஒரு பொருளுக்கு நான்கு இடத்து விலை வேண்டும்: துறைமுகத்தில் வந்திறங்கிய விலை, புறக்கோட்டை அல்லது தம்புள்ளை மொத்த விலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குபவர் கொடுக்கும் சில்லறை விலை, மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ தோட்டக்காரர் கைக்கு வரும் விலை. முதலாவது சுங்கத் திணைக்களத்தின் மாத இறக்குமதி எண்களில் வரும். மொத்தப் பெறுமதியை மொத்த நிறையால் வகுத்துக்கொள்ளலாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவகமும் மத்திய வங்கியும் வெளியிடும் விலைப்பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிடலாம். நான்காவதுதான் கஷ்டம். ஆய்வுகள் வழுக்குவதும் அங்கேதான்.

வட்ட எண்களில் ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வரி 40 ரூபாய் கூடுகிறது. வந்திறங்கிய விலை அதே காலத்தில் 90இலிருந்து 95 ஆகிறது. மொத்த விலை 130இலிருந்து 170. சில்லறை 180இலிருந்து 240. தோட்ட விலை 100இலிருந்து 115. வந்திறங்கிய விலையின் 5 ரூபாய் ஏற்றத்தை ஒவ்வொன்றிலும் கழித்து 40ஆல் வகுத்தால், மொத்த விலையில் 0.875, சில்லறையில் 1.375, தோட்டத்தில் 0.25. வரி 40 ரூபாய். வாங்குபவர் அதற்காகக் கொடுத்தது 55. தோட்டக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது 10. இந்த மூன்று எண்ணில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால், கொண்டுவந்தவர் விரும்பிய எந்த வாதத்தையும் செய்யலாம். மொத்த விலையைக் காட்டினால் வரி ஒழுங்காக வேலை செய்கிறது. சில்லறையைக் காட்டினால் கொள்ளை. தோட்ட விலையைக் காட்டினால் வீண். வாஷிங்டனில் 0.25க்கும் 0.95க்கும் நடந்த இழுபறிதான் இதுவும்.

அந்தத் தோட்ட விலையும் உண்மையான விலை அல்ல. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று எடுத்துவிட்டுத் தொண்ணூறுக்குக் காசு தரும் வழக்கம் எங்கள் சந்தைகளில் எத்தனை தடவை தடைசெய்யப்பட்டும் முழுதாகப் போகவில்லை. சந்தையில் தரும் விற்பனைத் துண்டில் 115 ரூபாய் என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 103 ரூபாய் 50 சதம். இதைவிடச் சிக்கலானது, கழிவு ஒரே அளவில் நிற்பதில்லை என்பது. வரத்துக் கூடிய நாளில் இறுக்கிப் பிடிப்பார்கள், தட்டுப்பாடான நாளில் தளர்த்துவார்கள். அப்படியானால் வரிக்குப் பிறகு விலைப்பட்டியல் காட்டும் ஏற்றத்தைவிடத் தோட்டக்காரருக்கு உண்மையில் கிடைத்த ஏற்றம் கூடுதலாகவும் இருக்கலாம். இதைப் பிடிக்க ஒரே வழி: விலையைக் கேட்காமல், துண்டைக் கேட்கவேண்டும். கொண்டுபோன நிறை, காசு தந்த நிறை, கையில் வந்த தொகை என்ற மூன்றையும் எழுதி, தொகையைக் கொண்டுபோன நிறையால் வகுக்கவேண்டும். லொறிக்கூலி, சாக்கு, ஏற்று கூலி எல்லாம் தனி நிரலில். கிழங்கானால் பெருங்கிழங்கு, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்து எழுதாவிட்டால், அறுவடைத் தொடக்கத்தில் பெரிசும் கடைசியில் பொடியும் வருவதே விலை வீழ்ச்சிபோலத் தெரியும்.

இன்னொன்று, வரி போடாத பொருளையும் எழுதவேண்டும். 2018 இல் அமெரிக்கா இறக்குமதி உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு வரி போட்டபோது அதன் விலை ஏறத்தாழ 12 வீதம் ஏறியது. வரியே இல்லாத உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் இரண்டையும் சோடியாகத்தான் வாங்குகிறார்கள். அதைக் கண்டுபிடித்த மூன்று ஆய்வாளர்கள் உலர்த்தியின் விலையைப் பார்க்காமல் விட்டிருந்தால், புதிதாக வந்த சுமார் 1,800 வேலைகளில் ஒவ்வொன்றுக்கும் வாங்குபவர் கொடுத்த விலை 8 இலட்சம் டொலருக்கு மேல் என்ற கணக்கு கிடைத்திருக்காது. எங்கள் பக்கத்தில் அந்த இடத்தில் சின்ன வெங்காயம் இருக்கிறது. பெரிய வெங்காயம் ஏறினால் ஒரு பகுதி வீடுகளும் கடைகளும் சின்னதுக்குத் திரும்பும். யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்குப் பெரிய வெங்காய வரியால் வரும் நன்மை, வந்தால், அந்த வழியாகத்தான் வரவேண்டும். ஏனென்றால் 2025 ஓகஸ்டில் கூட்டிய வரி எந்த அறுவடையைப் பார்த்துக் கூட்டியது என்பது நாட்காட்டியிலேயே தெரியும்: ஓகஸ்ட் தொடக்கம் ஒக்டோபர் வரை மாத்தளை, தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயமும் ஊவாவின் கிழங்கும் வெளிவரும் காலம் அது. எங்கள் கிழங்கு கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் கிண்டுவது. வரி அதுவரை நிற்குமா, நடுவில் பண்டிகைக் காலத்துக்கென்று இறக்கப்படுமா என்பதே யாழ்ப்பாணத்துக்கு முக்கியமான கேள்வி. ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ விதைக்கிழங்கு வாங்கி மண்ணுக்குள் போடும் நாளில் அந்தப் பதில் தெரிந்திருக்காவிட்டால், வரி எத்தனை ரூபாயானாலும் நடுபவரின் முடிவில் அதற்கு இடமில்லை.

அடிக்கோட்டை நகர்த்துவது

இடத்தைப் பார்த்தாயிற்று, இனி நாள். பெரிய வெங்காயத்தின் கதையில் வரி எங்களிடம் மட்டும் இல்லை. இந்தியா 2023 ஓகஸ்டில் 40 வீத ஏற்றுமதி வரி போட்டது; டிசம்பர் 8 இல் ஏற்றுமதியையே தடைசெய்தது; 2024 மே 4 இல் தடையை நீக்கி 40 வீத வரியோடு விட்டது; செப்டெம்பரில் 20 ஆக்கியது; 2025 ஏப்ரல் 1 முதல் அதையும் எடுத்துவிட்டது. இப்போது ஒருவர் 2024 ஏப்ரலை அடிக்கோடாக வைத்து, 2025 செப்டெம்பர் விலையோடு ஒப்பிடுகிறார் என்று வைப்போம். தடைக்காலத்து உச்ச விலையிலிருந்து இறக்கம்தான் தெரியும்; வரி கூட்டியும் விலை குறைந்தது என்று மேடையில் சொல்லலாம். இன்னொருவர் இந்திய வரி முழுதாக நீங்கிய பின்னான 2025 யூலையை வைக்கிறார். எல்லா ஏற்றமும் புது வரியின் தலையில் விழும். இருவர் கையிலும் உண்மையான விலைகள்.

இதற்கு மருந்து, விலையை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்ப்பது. நாசிக் பக்கத்து லசல்கான் மொத்த விலை, இந்திய ஏற்றுமதி வரி, கப்பற்கூலி, ரூபாயின் மாற்று வீதம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் வரும் கொழும்பு விலைக்கும், தம்புள்ளை மொத்த விலைக்கும் உள்ள இடைவெளி. இந்தியாவில் நடப்பது இரு பக்கத்திலும் இருப்பதால் பெரும்பாலும் கழிந்துபோகும். கூடவே, அதே நாள்களில் வரி மாறாத ஓர் இறக்குமதிப் பொருளை, மைசூர்ப் பருப்பை எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதன் வரி உண்மையாகவே மாறவில்லையா என்று வர்த்தமானியில் சரிபார்த்துவிட்டு. பருப்பின் இடைவெளியும் அதே அளவு விரிந்திருந்தால் காரணம் வரி அல்ல. எரிபொருளோ வேறு பொதுக் காரணமோ.

கால எல்லையும் வேண்டும். வரிக்கு முன் எட்டுக் கிழமை, பின் பன்னிரண்டு கிழமை, ஒவ்வொரு கிழமையும் ஒரே நாள். முன்னான எட்டில் கடைசி இரண்டை ஒப்பீட்டில் சேர்க்காமல் தனியே பார்க்கவேண்டும்: வரி கூடப்போகிறது என்று யாருக்காவது முன்பே தெரிந்திருந்தால், அந்த இரண்டு கிழமையில் கொள்கலன்கள் வழக்கத்தைவிட வேகமாக விடுவிக்கப்பட்டிருக்கும். சுங்கத்தின் நாளாந்த எண்ணைக் கேட்டுப் பெறுவது அதற்காகத்தான். 2025 ஓகஸ்ட் வரிக்குச் சுத்தமான கால எல்லை 13 கிழமைதான் கிடைத்தது. நவம்பர் 28 இல் டித்வா புயல் வந்து மலைநாட்டுத் தோட்டங்களையும் பாதைகளையும் உடைத்த பிறகு, எந்த விலையிலும் வரியைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. டிசம்பர் விலையைக் காட்டி வரியைப் புகழ்பவரையும் திட்டுபவரையும் நம்பத் தேவையில்லை. 2021 மே மாத உரத்தடையும் 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்ததும் இப்படியான இன்னும் இரண்டு பள்ளங்கள். அவற்றைத் தாண்டி நீளும் எந்த ஒப்பீட்டையும் எச்சரிக்கையோடு வாசிக்கவேண்டும்.

எழுபதுகள்

யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒரு முதியவர் எழுபதுகளைச் சொல்வார். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு வெங்காயம், மிளகாய், கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வலிகாமத்துச் செம்மண்ணில் கல்வீடுகள் எழும்பின. விசுவமடு, முத்தையன்கட்டு வரை மிளகாய் போனது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து, கப்பலில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் இறங்க, அந்தச் செழிப்பு சரிந்தது. இந்த நினைவும் ஒருவகை அளவீடுதான். தோட்டக்காரர் பக்கத்தில் நின்று எடுத்தது. அதே காலத்தில் பாண் வரிசையில் நின்றவர், துணிக்கும் சீனிக்கும் அலைந்தவர் எடுத்த அளவீடு வேறு. யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

பொருளியல் ஆய்வுகள்மேல் தோட்டக்காரருக்குள்ள சந்தேகத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில். சில்லறை விலை நாள்தோறும் எழுதப்படுகிறது. தோட்டக்காரர் வருமானம் எப்போதாவது ஒரு கருத்துக்கணிப்பில் வரும். எது எளிதாக எண்ணப்படுகிறதோ அதன் பக்கம் அறிக்கை சாய்ந்துவிடும். யாரும் வேண்டுமென்று சாய்க்கத் தேவையில்லை. மறுபுறத்தில் எண்ணப்படாதது கிணறு. வெங்காயத்துக்கு நாலைந்து நாளுக்கு ஒருதரம் இறைப்பு, மேலே உரம், கீழே சுண்ணாம்புக்கல். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டுகிறது என்பது பல தடவை அளந்து காட்டப்பட்டது. வரியால் வெங்காயப் பரப்புக் கூடினால் இதுவும் கூடும். அந்தச் செலவைக் கொழும்பும் எழுதுவதில்லை, வரி கேட்கும் எங்கள் பிரதிநிதிகளும் எழுதுவதில்லை. நைத்திரேற்று சேராத வரி ஆய்வை யாழ்ப்பாணத்துக்கான ஆய்வு என்று நான் ஏற்கமாட்டேன்.

யார் எண்ணுவது என்ற கேள்விக்கு, வரி போடுபவர் அல்ல என்பதுவரை எளிது. அவுஸ்திரேலியாவில் 1921 இல் தொடங்கிய வரிச் சபையின் வாரிசாகத்தான் இன்றைய உற்பத்தித்திறன் ஆணைக்குழு நிற்கிறது. பகிரங்க விசாரணை நடத்தி அறிக்கையை வெளியிடுகிறது, அரசு அதைத் தள்ளிவிடலாம், மறைக்க முடியாது. எங்களுக்குப் புது நிறுவனம் வேண்டியதில்லை. அரசாங்க நிதி பற்றிய பாராளுமன்றக் குழு இந்த வர்த்தமானிகளை எப்படியும் பார்க்கிறது. பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகத்துக்கு 2023 இல் சட்டமே வந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. நான்காவது விலையை எடுக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள். வர்த்தமானியோடு அரைப் பக்கம் இணைத்தால் போதும்: நோக்கம் வருமானமா பாதுகாப்பா, எந்த விலைத்தொடர், எந்த நாள் அடிக்கோடு, எந்த நாளில் மீள்பார்வை. வரியை ஒரு நாள்கூட இது தாமதிக்காது. அடிக்கோட்டைப் பின்னால் நகர்த்த முடியாமல் மட்டும் செய்யும். எதிர்ப்பு வரப்போவதும் அதற்காகத்தான்.

அதுவரைக்கும் கொழும்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கமக்காரர் அமைப்புகள் தாமே தொடங்கலாம். தை முதற்கிழமையிலிருந்து கிழமைக்கு ஒரு நாள், மூன்று சந்தையில், சந்தைக்குப் பத்துத் துண்டு. கொப்பியில் ஏழு நிரல்: திகதி, தரம், கொண்டுபோன நிறை, காசு தந்த நிறை, கைக்கு வந்த தொகை, கூலிச் செலவு, அன்றைய தம்புள்ளை விலை. எங்கள் கிழங்கு வராத நாள்களில் வெளியிலிருந்து வரும் கிழங்கின் மொத்த விலையையாவது எழுதவேண்டும். மாசியில் கிண்டத் தொடங்கிய பிறகு கொப்பியைத் திறந்தால், வரத்தால் விழுந்த விலையும் வரியால் தாங்கிய விலையும் முதல் நாளிலேயே ஒன்றாகக் கலந்திருக்கும்; கழிப்பதற்கு முன்விலை இருக்காது.